வெயிலில் காய்ந்த பேட்டரி

பிள்ளைகளே, என் பிறந்த நாளுக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு முறை சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு முறையும் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். எழுதினால் பாதியில் நழுவ முடியாது. ஆறாம் வகுப்புக்கு மேல் நான் தமிழ் எழுதிப் பழகவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு உறையைப் பிரித்ததும் என் கை நின்றுவிட்டது. சின்ன வயசில் பார்த்த அதே படம். கவிழ்த்துப் போட்ட ரப்பர் பால் வாளி மேல் ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார், மடியில் கித்தார், பின்னால் வரிசையாக ரப்பர் மரங்கள். எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிட்டவர். விடிகாலையில் பால் வடிய மரம் வெட்டுவார், பகலில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கித்தார் எடுப்பார். வேறு வாத்தியம் கிடையாது, கூட ஆள் கிடையாது. அவர் குரலும் ஆறு கம்பியும்தான். அப்படி ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார். அதை இப்போது ஈப்போவில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு சீன இளைஞர் கம்பெனியின் மூல ஒலிநாடாவைத் தேடிப் பிடித்து மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்.

நீங்கள் தட்டைப் போட்டீர்கள். என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

"பா, ஸ்லோவா இருக்கே. பிளேயர் ரோசாக்கா?" என்றான் மகன்.

"நீங்க கோயில்ல வாசிக்கிற பாட்டுத்தானே இது? யாரோ தூக்கத்துல பாடுற மாதிரி இருக்கு லா," என்றாள் மகள்.

எனக்கும் பிளேயர் கெட்டுவிட்டது என்றுதான் தோன்றியது. மறுநாள் நம் சிலிபின் வீட்டிலிருந்து மூன்று பேரும் அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி தட்டைச் சுழலவிட்டு ஒரு சின்ன விளக்கைக் காட்டினார். சுழலும் மேடையின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள். வேகம் சரியாக இருந்தால் அந்தப் புள்ளிகள் ஓடாமல் நின்ற மாதிரி தெரியுமாம். நின்றன.

"பெத்துல் லா, அங்கிள்," என்றார் மலாயில். "சரியான வேகம் இதுதான். நீங்க முன்னாடி எதுல கேட்டீங்க?"

"கேசட்டுல."

"அந்தக் கேசட்ட யார் எடுத்தது?"

தெரியாது என்றேன். நீங்கள் இருவரும் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். அது பொய். எடுத்தது நான்.

தோட்டத்தில் அந்த இசைத்தட்டு கிராணி வீட்டில் மட்டும்தான் இருந்தது. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிறவர். அவர் வீட்டில்தான் தட்டு ஓட்டும் பெட்டியும் இருந்தது. எனக்கு அப்போது பதினாலு வயசு. மாமா கொடுத்த ஒரு கேசட் ரேடியோ வைத்திருந்தேன். அதற்கு மின்சார ஒயர் இல்லை, பேட்டரிதான். பேட்டரி செத்துப்போனால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் செய்கிற வேலையை நானும் செய்தேன். கழற்றித் தகரத்தின் மேல் வெயிலில் காயவைத்தேன். காய்ந்தால் இன்னும் கொஞ்சம் உயிர் வரும். கிராணி தட்டைப் போட்டபோது அவர் வீட்டு ஜன்னலோரம் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்று இரண்டு பக்கத்தையும் பதிவு செய்தேன்.

பேட்டரி வலுவில்லாவிட்டால் நாடா மெதுவாக நகரும். மெதுவாக நகர்ந்து பதிந்ததை நல்ல பேட்டரியில் போட்டால் பாட்டு வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். இதெல்லாம் எனக்கு அந்தக் கடையில் நின்றபோதுதான் உறைத்தது. பதிவாகும்போதே பேட்டரி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் கேசட்டில் முதல் பாட்டைவிடக் கடைசிப் பாட்டு அத்தனை வேகம். நாங்களோ, அண்ணனுக்குப் போகப் போகக் கை சூடேறுகிறது என்று பேசிக்கொண்டோம்.

அந்தக் கேசட்டிலிருந்துதான் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் பிரதி எடுத்தன. கடைசிப் பாட்டு மழை நாளைப் பற்றியது. மழை பெய்தால் மரம் ஈரம், வெட்டு கிடையாது. அந்தப் பாட்டுக்குக் கல்யாண வீடுகளில் ஆடினார்கள். லீவு கிடைத்த சந்தோஷப் பாட்டு என்றே நினைத்தோம். நானும் கித்தார் பழகியபோது கேசட்டோடு சேர வேண்டுமென்று கம்பிகளை ஏற்றி முறுக்கினேன். அப்பா கித்தாரில் மட்டும் ஏன் சின்னக் கம்பி அடிக்கடி அறுகிறது என்று கிண்டல் செய்வீர்களே, காரணம் அதுதான்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நிற்கவில்லை. கேசட் பரவி சில வருடம் கழித்து, மாதா கோயில் திருநாளுக்கு அண்ணனை மேடையேற்றினார்கள். சனம் நிரம்பி வழிந்தது. அவர் மழைப் பாட்டை எடுத்தார். எல்லாரும் கை தட்டினோம். அவர் வாசிப்பு எங்கள் கைதட்டலுக்குப் பின்னாலேயே வந்தது. நாங்கள் இன்னும் வேகமாகத் தட்டினோம். நானும்தான் தட்டினேன். கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்:

"என்னண்ணே, பேட்டரி வீக்கா?"

ஒரே சிரிப்பு. அண்ணனும் சிரித்தார். பாட்டைப் பாதியில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறியதாக நான் கேள்விப்படவில்லை. கை போய்விட்டது என்று ஊர் முடிவு செய்தது.

கடையிலிருந்து வந்து மூன்று நாள் அந்தத் தட்டையே கேட்டேன். அந்த மாதிரி வாசிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கட்டைவிரல் மட்டும் தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி விழுந்துகொண்டே இருக்கிறது. மற்ற விரல்கள் அவசரமே இல்லாமல் வருகின்றன, போகின்றன. ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் விடுகிற இடம் இருக்கிறதே, அதில்தான் பாட்டே இருக்கிறது. மழைப் பாட்டு சந்தோஷப் பாட்டு இல்லை, பிள்ளைகளே. வெட்டு இல்லை என்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. பாயில் படுத்தபடி மழை எப்போது விடும் என்று கேட்டுக்கொண்டிருக்கிற மனுஷனின் பாட்டு. எத்தனை வருடம் அதற்கு ஆடியிருக்கிறோம்!

நான்காம் நாள் தனியாக அந்தக் கடைக்குப் போய்த் தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அண்ணனின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். லூமுட்டில் மகள் வீட்டில் இருக்கிறாராம். நீங்கள் வேலைக்குப் போனதும் உங்கள் பிளேயரைக் காரில் வைத்துக் கிளம்பினேன்.

அண்ணனுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. விரல்கள் கொஞ்சம் கோணியிருந்தன. கடைக்காரத் தம்பி கொடுத்த தட்டு பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே அலமாரியில் நின்றது. போட்டுக் கேட்க வீட்டில் பெட்டி இல்லை.

"அண்ணே, அந்தக் கேசட்டு நான் எடுத்தது," என்றேன்.

"எந்தக் கேசட்டு?"

"ஊரெல்லாம் ஓடுச்சே, அது. பேட்டரி செத்துக்கிட்டிருந்துச்சு. வெயில்ல காயவச்சுப் போட்டேன். அதான் வேகமா வந்திருச்சு. நீங்க வாசிச்சது அப்படி இல்லண்ணே."

தன் மகள் கொடுத்த கோப்பியை அவர் கீழே வைத்தார்.

"அப்ப என் கை?"

"கை சரியாத்தான் இருந்துச்சுண்ணே."

"கம்பெனியில எனக்குக் கொடுத்ததே ரெண்டு ரெக்கார்டு. ஒண்ணு கிராணிக்கு, ஒண்ணு டவுன் ஃபாதருக்குக் கொடுத்திட்டேன். என்கிட்டயும் அந்தக் கேசட்டுத்தான் லா இருந்துச்சு. போட்டுப் போட்டு அந்த வேகத்தப் பிடிக்கப் பார்த்தேன். முடியல. வயசாயிருச்சுன்னு நெனச்சேன். அப்ப எனக்கு முப்பத்தி மூணு."

பிளேயரை எடுத்து வைத்தேன். அவரே தன் தட்டின் உறையைப் பிரித்துக் கொடுத்தார். மழைப் பாட்டு வந்தபோது அவர் வலது கை தொடைமேல் கிடந்தது. கட்டைவிரல் மெல்ல அசைந்தது. ஒரு சொட்டுக்கூடத் தவறவில்லை. பாட்டு முடிகிறவரை நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுதான்," என்றார். "இப்படித்தான் வாசிச்சேன்."

பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒருத்தன் பேட்டரி வீக்கான்னு கத்தினான் பாரு. சரியாத்தான்டா கேட்டிருக்கான்! யாரு பேட்டரின்னுதான் அவனுக்குத் தெரியல."

நானும் சிரித்தேன். ஆனால் பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. மழைப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். அதற்குப் பிறகு இன்னொரு தடவை. கிளம்பும்போது வாசல்வரை வந்து கேட்டார்:

"நீ இன்னும் வாசிக்கிறியா?"

"கோயில்ல, எப்பவாவதுண்ணே."

"அந்தப் பாட்டையுமா?"

"ஆமாண்ணே."

"எந்த வேகத்துல?"

காரில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் யாரும் வந்திருக்கவில்லை. பிளேயரை அதன் இடத்தில் வைத்து மழைப் பாட்டைப் போட்டேன். கித்தாரை எடுத்து, தடித்த கம்பியில் ஆரம்பித்து ஒவ்வொரு முறுக்காணியாகத் தளர்த்தினேன். பாட்டு முடிய முடிய முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தேன். அறுந்துகொண்டே இருக்குமே, அந்தச் சின்னக் கம்பியைக் கடைசியாக இறக்கினேன். அவருடைய கம்பியோடு அது ஒன்றானதும் முறுக்காணியிலிருந்து கையை எடுத்தேன்.