மார்வா திறந்த ஓவன்

மார்வா ஹட்சின்ஸ் ஆயுளில் பதினோரு வீடு மாறியவள். டொலீடோ நகரத்தில் இவள் குடியிருக்காத தெருவே இல்லை என்று அவள் புருஷன் ஆர்வில் கிண்டல் செய்வார். பன்னிரண்டாவதாக எங்கள் வீட்டு மாடிக்கு வந்தாள். பதினேழு வருஷம் அசையவில்லை. கீழே வாடகைக்கு நான், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். நூறு வயதான மரவீடு. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் உள்ளே வரும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குத் தட்டு நிரப்பியவள் அவள். யார் வந்தாலும் சாப்பிட்டாயா என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். நவம்பர் பிறந்தால் ஹேர் டிரையரும் பிளாஸ்டிக் தாள் சுருளுமாகக் கீழே இறங்கி வருவாள். குளிர் வராமல் என் ஜன்னல்களில் தாளை ஒட்டி, சூடு காட்டி, சுருக்கமில்லாமல் இழுத்துவிடுவாள். "உன்னை நம்பி விட்டா குளிரெல்லாம் போய் மார்ச்லதான் ஒட்டுவ, ராஸ்" என்பாள். எனக்குக் கோபம் வரும். ஆனால் அது நிஜம்.

ஆர்விலுக்கு நுரையீரல் போயிற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். முன்னறை ஜன்னலோரம் கட்டில் போட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். தெருக்கோடியில் சரக்கு ரயில் போவது அங்கிருந்து தெரியும். "இந்த ரூமை விட்டு நான் பொணமாத்தான் போவேன், சரியா மார்வா?" என்று கேட்டார். அவள் சத்தியம் செய்து கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

ஜனவரியில் நிலவறையில் இருந்த, வீடு முழுவதற்கும் சூடு தரும் ஹீட்டர் செத்தது. வீட்டு ஓனர் ஸ்டிட்ஸல் "பார்ட்டு வரணும்" என்றான். ஒன்பது நாள் அதையே சொன்னான், கல்நெஞ்சக்காரன். எங்களைப் போன்ற குடித்தனக்காரர்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். கேஸ் ஓவனைப் பற்றவைத்து அதன் கதவைத் திறந்து போட்டோம். ஆபத்து, செய்யக்கூடாதுதான். ஆனால் ஆர்விலின் நகமெல்லாம் நீலமாகிக்கொண்டிருந்தது.

"சிட்டி ஆபீசுக்குப் போன் பண்ணிப் புகார் சொல்லு" என்றேன் மார்வாவிடம்.

"வேண்டாம்டி. நமக்கு அக்ரிமென்ட்டே மாசத்துக்கு மாசம்தான். பகைச்சுக்கிட்டா வெளிய போன்னுடுவான்."

"அப்போ ரெண்டு பேரும் விறைச்சுச் சாவுங்க! பயந்தாங்கொள்ளி!"

அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நானே நம்பரை அழுத்தி போனை அவள் காதில் வைத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு சிட்டி ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். திரும்பி வந்தால் வாசல் கதவில் சிவப்புத் தாள். மனிதர் குடியிருக்க லாயக்கற்ற வீடு, மாலை ஐந்துக்குள் காலி செய்யவும். மார்வா கோட்டு மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"திறந்து கிடந்த ஓவனைப் பாத்துட்டான், ராஸ். பக்கத்து ரூம்ல ஆக்சிஜன் வேற. 'மன்னிச்சுடுங்க மேடம், இதப் பாத்தப்புறம் எழுதாம போக முடியாது'ன்னான். சொல்றப்போ அவனுக்கே கண்ணு கலங்கிடுச்சு."

ஆபீஸ்காரன் யார் வந்தாலும் முதலில் ஓவனைச் சாத்தி, சமைப்பதுபோல் அதன் மேல் ஒரு பாத்திரத்தை வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். போன் போட வைத்த நான் அதை அவளுக்கு நினைவுபடுத்தவில்லை.

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஆர்வில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மார்வா, சொன்னியே" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது அவள்தான். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் விடுதியில், கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்த அறையில், நான்காம் நாள் செத்துப்போனார். அப்போது அவள் அங்கே போவதற்கு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

ஸ்டிட்ஸலுக்கு ஒரே வாரத்தில் பார்ட்டு வந்துவிட்டது! சிவப்புத் தாளையும் எடுத்துவிட்டார்கள். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டான். மார்வாவுக்குக் காலி செய்ய முப்பது நாள் நோட்டீஸ். புகார் கொடுத்தது அவள் பேரில்தானே. நீயும் வேண்டாம் உன் வீடும் வேண்டாம் என்று நான் கிளம்பியிருக்க வேண்டும். போக இடமில்லை, இருந்துவிட்டேன். அவள் தன் அக்கா மகள் வீட்டு சோபாவுக்குப் போனாள்.

நவம்பரில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மார்வா, கையில் ஹேர் டிரையரும் பிளாஸ்டிக் சுருளும். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நேராக ஜன்னலுக்குப் போய் ஒட்ட ஆரம்பித்தாள். மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் நடக்கும் சத்தம் கேட்டது. டிரையரை நிறுத்தி, தலையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் கேட்டாள். மறுபடி போட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "எல்லாம் என் தப்புடி. ஓவனைச் சாத்தி வைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சாத்தித்தான் வெச்சிருந்தேன்."

"என்னது?"

"மேல பாத்திரம்கூட வெச்சேன். உள்ள எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அந்தப் பையன் கையில கிளவுஸ் இல்ல ராஸ். பேனாவப் பிடிக்க முடியாம விரல் வெடவெடன்னு ஆடுது. காலையில சாப்பாட்டு வரிசையில எத்தனை பிள்ளைங்கள அப்படிப் பாத்திருக்கேன். யோசிக்கவே இல்ல. 'இப்படி வந்து நில்லு கண்ணு'ன்னு ஓவனத் திறந்துட்டேன்."

"ஆர்வில்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சாகறதுக்கு முந்தின நாள்."

"என்ன சொன்னாரு?"

"மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு."

கடைசி ஜன்னலின் ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, சூடு காட்டத் தொடங்கினாள்.