மாமா கொண்டுவந்த இரண்டு தூண்டில்கள்

துபாயிலிருந்து லீவில் வருகிறவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள். அம்மாவின் தம்பியான என் மாமா அவற்றோடு இரண்டு தூண்டில்களும் கொண்டுவந்தார். சுனாமி அலை வந்த மறு வருஷம், 2005 கோடை விடுமுறை. எனக்கு ஒன்பது வயது.

மூங்கில் கழியில் நூல் கட்டிய தூண்டில் இல்லை. சக்கரம் வைத்தது, இழுத்தால் ஆளுயரத்துக்கு மேல் நீளும், சுருக்கினால் பைக்குள் அடங்கும். ஒன்று மாமா வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஊர்க் கடற்கரையில் வீசி வீசிப் பழகியது. இன்னொன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுசு. எனக்குத்தான் என்று ஆசையாகத் தொட்டேன்.

"அது வேற ஆளுக்கு வாங்கினது பாப்பா" என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

யார் அந்த ஆள் என்று அம்மாவைக் கேட்டேன். மாமாவோடு படித்த கூட்டாளி, குப்பத்துக்காரராம்.

"அப்ப போய்க் குடுக்க வேண்டியதுதானே?"

"எங்கன்னு போய்க் குடுக்கறது? அலையில போனவன் இன்னும் கிடைக்கலையே."

இன்னும் கிடைக்கவில்லை என்றால் இனிமேல் கிடைப்பார் என்றுதான் நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்த அலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் மீனே கிடையாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார் அத்தா. மீன்காரம்மா வருவதில்லை என்றாள் அம்மா. ஆனால் மீன்காரம்மா கூடையோடு தெருமுனை வரை வந்து, எங்கள் பக்கம் திரும்பாமலே போவதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கடல்ல போனவங்கல்லாம் கிடைச்சிட்டாங்களா என்ன? எதைத் திங்கலாம், எதைத் திங்கக்கூடாதுன்னு மீனுக்குத் தெரியுமாக்கா?" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மீன் இரை தின்பதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மாமா கழிமுகத்துக்குக் கிளம்பிய முதல் நாளே அம்மா என்னையும் கூட அனுப்பினாள். வாசலில் நிறுத்தி என் காதோடு சொன்னாள்: "பக்கத்துலயே இரு. முட்டிக்கு மேல தண்ணியில இறங்கினா ஓடியாந்து சொல்லிடு." மீசை வைத்த ஆளுக்கு ஒன்பது வயதுப் பெண் காவல்! அதுவும் விளங்கவில்லை.

உப்பளத்து வரப்பு வழியாகப் போவோம். இரண்டு பக்கமும் வெள்ளையாகக் குவித்த உப்பு, கண் கூசும். மாமா போகிறபோதே பாடம் எடுப்பார். நல்ல பேச்சுக்காரர். "தாகம் எடுத்தப்புறம் தண்ணி குடிக்கிறவன் வெயில்ல விழுவான். எடுக்கறதுக்கு முன்னாடியே குடி" என்பார். தண்ணீரில் நடந்தால் காலைத் தூக்கி வைக்கக் கூடாது, தரையோடு தேய்த்துத்தான் போக வேண்டும். மண்ணுக்குள் திருக்கை படுத்திருக்கும், மிதித்தால் வாலால் அடிக்கும், தேய்த்தால் அதுவே விலகிப் போய்விடும். கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்கவே கூடாது. தண்ணீர் ஏறும்போது தூண்டில் போடு, தேங்கி நின்றால் சாப்பாட்டு டப்பாவைத் திற. மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால் முதலில் கையை நனை. காய்ந்த கை பட்டால் அதற்குத் தோல் போய்விடும். கொக்கியை ஆழமாக முழுங்கியிருந்தால் பிடுங்காதே, வாயோரமாக நூலை அறுத்துவிடு.

சட்டம் எல்லாம் சரி. மீன்தான் வீடு வந்து சேரவில்லை. பிடித்ததையெல்லாம் விட்டுவிடுவார். முதல் நாள், "சின்னது, வளரட்டும்" என்றார். மறுநாள் பெரிசு மாட்டியது. "சினையா இருக்கும், பாவம்" என்றார். மூன்றாம் நாள் காரணமே சொல்லவில்லை. புதுத் தூண்டிலை மட்டும் தினமும் சுமந்துகொண்டு வந்து, உறையோடு பக்கத்தில் மணலில் நட்டுவைப்பார்.

திரும்பும்போது உப்பு வாரும் பெண்கள் விடுவார்களா?

"இன்னா துபாய்க்காரரே, இன்னிக்காவது கொழம்புக்கு உண்டா?"

"அவரு மீனுக்குக் குசலம் விசாரிக்கப் போறாருடி!"

மாமாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் முகம் எரியும். லீவு முடிய நான்கு நாள்தான். அதற்குள் ஒரு மீனாவது வீட்டுக்கு வந்தாக வேண்டும், இந்தப் பெண்களின் வாயை அடைத்தாக வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

அன்று ஒரு கொடுவா மீன் மாட்டியது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி. வெள்ளியாக மின்னியது. கொக்கியை நன்றாக முழுங்கியிருந்தது. மாமா நூலை அறுத்து மீனை என் நனைந்த கையில் கொடுத்தார். "ஓட்டத்துக்கு எதிரா தலையைப் பிடி. மூச்சு வந்ததும் அதுவே போயிடும்" என்று சொல்லிவிட்டு நூலைச் சுற்றத் திரும்பினார்.

நான் தண்ணீரில் குனிந்தேன். மீனோடுதான் நிமிர்ந்தேன். இரை வாளிக்குள் போட்டு, மேலே ஈரத்துண்டை மூடினேன்.

உப்பளப் பெண்களிடம்கூடக் காட்டவில்லை. நேரே கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்தேன்.

"அம்மா! மாமா புடிச்ச மீனு!"

அம்மா வந்தாள். திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. முந்தானையை வாயில் வைத்தபடி நின்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தா கை கழுவாமல் எழுந்து வந்தார். "தூக்கிக் குழியில போட்டுடலாம்" என்றார்.

"ஏன் அத்தா? ரொம்பப் பாடுபட்டுக் கொண்டாந்தேனே!" எனக்கு அழுகை முட்டியது.

பின்னாலேயே வந்த மாமா சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு அருவாமனையை எடுத்துவரச் சொன்னார். "நானே பார்க்கறேன்க்கா" என்றார்.

"வேணாம்டா."

"பார்த்துடறேன். எத்தனை நாளைக்குப் பார்க்காமயே இருக்கறது?"

பிஸ்மில்லா சொல்லி வயிற்றைக் கீறினார். இரைப்பையைத் தனியாக எடுத்துக் கல்லில் வைத்து, மெதுவாக, மிக மெதுவாகப் பிரித்தார். அம்மாவும் அத்தாவும் குனிந்து பார்த்தார்கள். எல்லோரும் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது: கொக்கியைத்தான். சீமைக் கொக்கியாயிற்றே, இங்கே கிடைக்காதே.

"இருக்கா மாமா?" என்றேன்.

மாமா விரலால் துழாவி ஒன்றை எடுத்து வெயிலில் காட்டினார். "ஹூக்கு."

"வேற?" என்றாள் அம்மா.

"ரெண்டு எறா. ஒரு குட்டி நண்டு." மறுபடியும் துழாவினார். "வேற ஒண்ணுமே இல்லக்கா. அவ்வளவுதான்."

அம்மா அப்படியே கல்லோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மாமாவும் அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். அத்தா எச்சில் கையோடு மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். காணாமற்போன கொக்கி ஒன்று கிடைத்ததற்குப் பெரியவர்கள் இத்தனை பேர் அழுவார்களா என்று அந்தக் கொக்கியையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பிறகு அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தாள். வறுக்கிற வாசனைக்கு மதில் மேல் பக்கத்து வீட்டம்மாவின் தலை எழும்பியது. "மீனு வறுக்கிறியாக்கா?" என்று நம்பாமல் கேட்டார்.

"மீன்தான். உள்ள வா" என்றாள் அம்மா.

முதல் துண்டை மாமா எடுத்தார். வெகுநேரம் மென்றார்.

மறுநாள் காலை, மணலில் நடுகிற அந்தப் புதுத் தூண்டிலின் உறையை மாமா தன் பல்லாலேயே கிழித்து, தூண்டிலை என் கையில் வைத்து விரல்களை மூடினார். "இனிமே இது உன்னோடது" என்றார்.

கொக்கியை ஜாக்கிரதையாகக் கொண்டுவந்து சேர்த்ததற்குப் பரிசு என்று நினைத்து, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.