பதினெட்டு மூச்சு

நர்சிங் முதலாண்டு வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. மற்றவர்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது. இவளுக்கு முப்பத்து நான்கு. ஒருநாள் டியூட்டர் மேடமே வாய் தவறி, "அக்கா, அந்தக் கதவைச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மேடத்துக்கு இவளைவிட ஐந்து வயது குறைவு.

படிக்க வருமுன் ஒன்பது வருடம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தாள். அங்கே ஒவ்வொரு தையல் மிஷின் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை. மணிக்கு எத்தனை காலர் என்று எண்ணும். கழிப்பறைக்குப் போனால் அந்த நிமிடங்களையும் விடாது. மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து வந்த போனில் பேசிய நான்கு நிமிடங்கூட, மாலையில் சூப்பர்வைசர் கையிலிருந்த சீட்டில் இருந்தது. அன்றிலிருந்து திரை என்றாலே அவளுக்கு ஆகாது. மனுஷியை உளவு பார்க்கத்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அவள் முடிவு. யார் சொல்லியும் முடிவை மாற்றிக்கொள்கிற ஆளும் இல்லை.

ஆகவே கல்லூரியில் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்து, இனி நோயாளிகளின் விவரங்களை இதில்தான் ஏற்ற வேண்டும் என்று சொன்னபோது வகுப்பே குதித்தது. இவள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சின்னப் பெண்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஒருத்திக்கு வெளிநாட்டு வேலைக் கனவு. ஒருத்தியின் கையெழுத்து அவளுக்கே புரியாது. இவளுக்குத் துண்டுக் காகிதம் போதும். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் கிறுக்கி வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து மொத்தமாகச் சார்ட்டில் எழுதிவிடுவாள்.

காகிதத்தில் இல்லாத ஒன்று, மூச்சு. நோயாளி எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ண வேண்டும். வார்டில் யாருக்கு அவ்வளவு நேரம்? சீனியர் பெண்கள் முதல் நாளே சூட்சுமத்தைச் சொல்லிவிட்டார்கள். "பதினெட்டுன்னு போட்டுடுங்கக்கா. யாரும் கேக்க மாட்டாங்க." அந்த வார்டில் இருபது பேரும் பேசி வைத்துக்கொண்டது போல நிமிடத்துக்குப் பதினெட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

டேப்லெட்டில் ஏற்றாவிட்டால் பயிற்சி நேரம் கணக்கில் சேராது என்று டியூட்டர் கறாராகச் சொன்ன பிறகு வேறு வழியில்லை. வீட்டில் மகள்தான் பழக்கினாள். "அது சுடாதும்மா, நல்லா அமுக்கு." பஸ் ஓட்டுகிற கணவன் சிரித்தான். "எங்க பஸ்லயும் ஒண்ணு மாட்டியிருக்கான். பிரேக்கை மிதிச்சா கத்துது. போகப் போகப் பழகிடும், விடு."

மூன்றாவது வாரம் அது நடந்தது. ஏழாம் படுக்கையில், வயிற்றில் ஆபரேஷன் முடிந்த, ஓய்வுபெற்ற தபால்காரர். காலை எட்டு மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. பத்து மணிக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. டேப்லெட்டில் ஏற்றினாள். ஓடிப்போய் டியூட்டி சிஸ்டரிடமும் சொன்னாள். "சரி, நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார் சிஸ்டர். பன்னிரண்டு மணிக்குத் தபால்காரர் நினைவிழந்தார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. மறுபடியும் ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

மாலையில் முதல்வர் அறை. "இந்தப் பொண்ணு என்கிட்ட ஒண்ணுமே சொல்லலை மேடம். பிரஷர் பாத்தாளாங்கறதே சந்தேகம்" என்றார் டியூட்டி சிஸ்டர். பதினைந்து வருட அனுபவம் பேசும்போது முதலாண்டு மாணவியின் பேச்சு எடுபடுமா? இன்றோடு படிப்பு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். விட்டு வந்த காலர் மிஷினில் இந்நேரம் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

டியூட்டர் டேப்லெட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார். பத்து மணி பத்து நிமிடத்துக்கு ரத்த அழுத்தம் பதிவாகியிருந்தது. அடுத்த நிமிடமே சிஸ்டரின் திரைக்குச் சிவப்பு எச்சரிக்கை போயிருந்தது. பத்து பன்னிரண்டுக்கு சிஸ்டர் அதைத் திறந்து பார்த்ததும் இருந்தது.

"நீங்க போகலாம்மா" என்றார் முதல்வர்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வராந்தாவில் டியூட்டர் பின்னாலேயே வந்தார்.

"அக்கா." இந்த முறை வாய் தவறவில்லை. "இதையும் பாருங்க."

எட்டு மணிக்கு ஏழாம் படுக்கை: மூச்சு பதினெட்டு. பத்து மணிக்கும் பதினெட்டு. நாடியை ஏற்றியதற்கும் மூச்சை ஏற்றியதற்கும் நடுவே மூன்றே விநாடி.

"எண்ணினீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"உள்ள ரத்தம் கசிஞ்சா பிரஷர் இறங்கறதுக்கு முன்னாடியே மூச்சு ஏற ஆரம்பிச்சிடும். எட்டு மணிக்கே தெரிஞ்சிருக்கலாம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

தபால்காரர் பிழைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் ஏழாம் படுக்கைக்கே திரும்பி வந்தார். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பவள் போல அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினாள்.

"என்னம்மா, இவ்வளவு நேரமா நாடி பிடிக்கறே? கிடைக்கலையா?"

"பேசாதீங்க சார், ஒரு நிமிஷம்."

எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இருபத்தொன்று.

ஆண்டுக் கடைசியில் கல்லூரி ஒரு படிவம் கொடுத்தது. டிஜிட்டல் கருவிகளைப் பயன்படுத்த உங்களைத் தூண்டியது எது? எளிது, நேரம் மிச்சம், ஆசிரியர் ஊக்கம், தோழிகள், எதிர்கால வேலை என்று ஐந்து கட்டங்கள். பக்கத்துப் பெண் ஐந்திலும் டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். இவள் எதிலும் போடவில்லை. கடைசியில் 'பிற' என்று ஒற்றைக் கோடு இருந்தது. வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு அதில் எழுதினாள்:

"உண்மை சொன்னால் நம்புகிறது. பொய் சொன்னாலும் நம்பிவிடுகிறது."