பதிமூணு நாள் பாய்

இரண்டு தாள்களையும் மேசைமேல் அக்கம்பக்கமாகப் பரப்பி, ஒன்றின் தலையில் மைக்கூட்டையும் இன்னொன்றின் தலையில் மூக்குப்பொடி டப்பாவையும் ஏற்றி வைத்துவிட்டால், ஃபரூக் பாய் வேலையில் இறங்கிவிட்டார் என்று பொருள். அதன்பிறகு திருப்பத்தூர் கடைத்தெருவே தீப்பற்றிக்கொண்டாலும் அவருக்குத் தெரியாது. மனைவி அமீனா கேரியரில் அனுப்பிய சோறு சன்னலோரத்தில் ஆறிக்கொண்டிருக்கும். இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போன பின்புதான் மூடியைத் திறப்பார். சில நாள் அது ராத்திரிச் சாப்பாடாகிவிடும்.

புளிமண்டியின் மாடியில் ஓர் அறை அவருடைய ஆபீஸ். வருகிறவர்களில் பாதிப்பேர் ஜவ்வாது மலையில் கடை வைத்திருப்பவர்கள். மலையாட்களிடம் புளியும் கடுக்காயும் சாமையும் வாங்கிக் கீழே அனுப்புவார்கள். உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் மேலே கொண்டுபோய் விற்பார்கள். விற்றது இவ்வளவு என்று விற்பனை வரி ஆபீசுக்கு ஒரு கணக்கு. அதே விற்பனையை வைத்து வருமானவரி ஆபீசுக்கு இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் பாயின் பிழைப்பு.

"ரெண்டும் சம்பந்திங்க மாதிரிங்க. ஒரே கல்யாணத்துக்குத்தான் வந்திருப்பாங்க. போய்ட்டு வந்து ஆளுக்கொரு கத சொல்லுவாங்க" என்பார்.

கதை வேறுபடக் காரணம் உண்டு. விற்பனை வரிக்கு வருஷம் ஏப்ரல் ஒன்றாம் தேதி பிறக்கிறது. வியாபாரிகளின் சொந்த நோட்டுக்கோ சித்திரை ஒன்றாம் தேதி. வருமானவரிக்கும் அதுவே செல்லும். நடுவில் பதின்மூன்று நாள் இந்த வருஷமா அந்த வருஷமா என்று அந்தரத்தில் தொங்கும். "அந்தப் பதிமூணு நாளுதான் எனக்குச் சோறு போடுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பதால், கடைத்தெருவில் அவருக்குப் 'பதிமூணு நாள் பாய்' என்றே பெயர். அவரும் லேசுப்பட்டவரில்லை. ஆட்களின் பெயரை மறந்துவிட்டு, கணக்கில் விழுந்த வித்தியாசத்தைச் சொல்லித்தான் விசாரிப்பார். "மூவாயிரத்து நூறு வந்துட்டுப் போனாரா?" என்று கேட்டால், அது ஆலங்காயத்து ஜவுளிக்காரரைக் கேட்பதாகும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு அந்தப் பதின்மூன்று நாளிலேயே சறுக்கியது.

கெங்கம்மாள் ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு சிற்றூரில் தனியாளாகக் கடை நடத்துகிறவள். அவளுடைய புளி லாரி வழக்கமாக மார்ச் நடுவிலேயே கீழே இறங்கிவிடும். எண்பத்தோராம் வருஷம் அந்தச் சமயம் பார்த்து ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்பு அவிழ்க்கும் வரை விளைந்த பொருள் எதுவும் எல்லை தாண்டக் கூடாது. லாரி புறப்பட்டது ஏப்ரல் ஐந்தாம் தேதி. புளி போன விலை இருபத்தேழாயிரம் ரூபாய்.

சித்திரை பிறந்ததும் கெங்கம்மாள் பழைய நோட்டுக்கு மஞ்சள் கயிறு கட்டிச் சாமி படத்தண்டை ஏற்றிவிட்டாள். கட்டியதை ஆடிவரை அவிழ்ப்பதில்லை என்பது அவள் வீட்டு வழக்கம். ஆகவே புது நோட்டை மட்டும் பாயிடம் அனுப்பினாள். மற்ற வருஷமானால் பாய் முன்கூட்டியே மலையேறிப்போய் அந்தப் பதின்மூன்று நாளை நகலெடுத்து வந்திருப்பார். அந்த வருஷம் அதே வாரத்தில் மகள் சகிலாவுக்கு நிக்காஹ். விற்பனை வரிக்குக் கொடுக்கும் ஏப்ரல் மாதக் கணக்கைப் புது நோட்டைப் பார்த்தே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆடியில் பழைய நோட்டு அவிழ்ந்து, அதை வைத்து வருமானவரிக் கணக்கு எழுதியபோதும் ஏப்ரலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறு வருஷம் விற்பனை வரி அதிகாரி கெங்கம்மாளின் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தார். வருமானவரிக் கணக்கில் இருபத்தேழாயிரம் கூடுதல். பாய் சிரித்துக்கொண்டேதான் போனார். "அது பதிமூணு நாள் சமாச்சாரங்க. ஏப்ரல்ல வந்திருக்கும், பாருங்க" என்றார். அதிகாரி ஏப்ரல் கணக்கைப் புரட்டி அவர் பக்கம் திருப்பி வைத்தார். அதில் புளியே இல்லை. புது நோட்டை மட்டும் பார்த்து எழுதியது அப்போதுதான் பாய்க்கு நினைவு வந்தது.

மறைத்த விற்பனை என்று முடிவானால் வரிக்கு மேல் அபராதம். அபராதம் கட்டினால் கெங்கம்மாளுக்குக் கடையில் உப்பு மூட்டைகூட மிஞ்சாது. அவளையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "லாரி நின்னது எங்க ஆத்தாளுக்காக சாமி. அதுக்கு பாய் இன்னா பண்ணுவாரு?" என்றாள்.

அதிகாரி மோசமானவரில்லை. "மறைக்கிறவங்க வருமானவரியில மட்டும் ஏன் காட்டப்போறாங்க, அது எனக்கும் புரியுது. ஆனா விட்டுப்போனது யாரால? அத யாராவது எழுதிக் கொடுக்கணுமே" என்றார்.

எழுதிக் கொடுத்தால் மாலைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கணக்கெழுதுகிறவனுக்குப் பெயர் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? அதுவும் எந்தப் பெயர்! பாய் ஒரு நிமிஷம் பேனாவின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார், மூடினார். பிறகு எழுதினார். பழைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காதது தம்முடைய பிழை, வியாபாரிக்கு இதில் சம்பந்தமில்லை. லாரி ஏப்ரல் ஐந்தாம் தேதி இறங்கியதற்கு வனத்துறைச் சோதனைச் சாவடியின் சீட்டையும் கொண்டுவந்து இணைத்தார். அபராதம் தள்ளுபடியானது, வரியை மட்டும் கெங்கம்மாள் இரண்டு தவணையில் கட்டினாள்.

அந்த மாதமே மூன்று வியாபாரிகள் தங்கள் கணக்குக் கட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஜவுளிக்காரர் சொல்லக்கூட இல்லை, ஆள்விட்டு எடுத்துக்கொண்டார். பாய்க்கு அதுதான் ரொம்ப வலித்தது. மதியச் சோற்றை இப்போதெல்லாம் சூடாகவே சாப்பிட முடிந்தது.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி கெங்கம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள். இடுப்பில் துணிப்பையில் முந்தின மாதத்து நோட்டும் பில்லும்.

"யக்கா, வேற ஆளப் பாத்துக்கலாமே. நானே நல்ல ஆளாச் சொல்றேன்" என்றார் பாய், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வேற ஆளுக்கு எங்க ஊர்ல காப்பு எப்ப கட்டுவாங்கன்னு தெரியுமா? மொதல்லேர்ந்து யாரு சொல்லிக்கினு இருக்கிறது? பஸ்ஸு போய்டும், புடிங்க."

ஃபரூக் பாய் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, பையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.