தொழில் வரியும் ஓடைப் பாலமும்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் வெடித்த அன்றுதான் என் மகளுக்குக் காய்ச்சல் ஏறியது. கல்வராயன் மலையில் நான் வாத்தியார், குடும்பமும் அங்கேயே. நர்சம்மாவிடம் மருந்து தீர்ந்திருந்தது. "இன்னிக்கே வாங்கிக்கினு வந்துடுங்க சார், தள்ளிப்போடாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சம்பள நாளும் அதுதான். முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன்.

ஆபீசில் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வைப்பு நிதிக்குப் பிடித்தது சரி. அதற்குக் கீழே தொழில் வரி என்று இன்னொரு பிடித்தம்.

"பாடம் நடத்துறதுக்கு வரியா? யாரு வூட்டுப் பணம் இது?" என்று கத்தினேன்.

குமாஸ்தா தலை நிமிரவே இல்லை. "இன்னா சார், எங்கிட்ட கத்திக்கினு? அரை வருசத்துக்கு ஒருக்கா எல்லாருக்கும் பிடிக்கிறதுதான். உங்க மலைப் பஞ்சாயத்துக்குத்தான் போவுது."

"அங்க ஒரு தெருவிளக்குகூட இல்லய்யா!"

மருந்து வாங்கிவருவதற்குள் பஸ் நின்றுவிட்டது. சாலை நெடுகப் போராட்டக்காரர்கள் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். இரவல் சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தாண்டி அடிவாரம் சேர்ந்தேன். சைக்கிளை அங்கே ஒரு கடையில் விட்டேன். அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. அதுவரை நான் ஏறாத பாதை. மழை வேறு. பஞ்சாயத்தைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

பாதி மலையில் ஓடை, செந்நிற வெள்ளமாகச் சீறிக்கொண்டு போனது. ஐயோ, பிள்ளை என்ன ஆவாளோ என்று நின்றுவிட்டேன். பின்னால் சாமை மூட்டையோடு வந்த எங்கள் ஊர் மலைக்காரர், "இப்படி வாங்க சாரு" என்று புதருக்கு அப்பால் கூட்டிப்போனார். ஓடைக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட இரண்டு மரங்கள், மேலே பலகை, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி.

"யாரு போட்டது?"

"நாங்கதான். மரமும் ஆளும் எங்களுது. கம்பிக்கும் ஆணிக்கும் பஞ்சாயத்துல குடுத்தாங்க. தொழில் வரிக் காசாம். நம்ம ஊருல அதக் கட்டுறது நீங்களும் நர்சம்மாவுந்தானே."

அம்மாடி! போன தடவை பிடித்ததை நான் கவனித்திருக்கக்கூட இல்லை. அந்தக் காசு எனக்கு முன்னால் மலையேறி இங்கே நின்றிருக்கிறது. ஒரு கையில் மருந்து, மறு கையில் அந்தக் கம்பி. உடம்பு சிலிர்த்துப்போய்த்தான் அக்கரை சேர்ந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மகள் முதல் வேளை மருந்தைக் குடித்தாள். மூன்றாம் நாள் எழுந்து விளையாடினாள்.

அடுத்த அரையாண்டுச் சம்பளத்தின்போது நானே போய், "தொழில் வரி பிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். குமாஸ்தா அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.