கீழாநெல்லிப் பொடி

எண்பதுகளின் தொடக்கம். ஏற்காட்டில் இருந்துகொண்டு மருத்துவக் கல்லூரிக்கு இரண்டாவது தடவையாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் தடவை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று விண்ணப்பத்தில் நாமே வரிசையாக எழுத வேண்டும். எழுதாத கல்லூரியில் இடம் இருந்தாலும் கிடைக்காது. நான் சென்னைக் கல்லூரிகளை மட்டும் எழுதினேன். படிப்பு ஒரு காரணம், கடற்கரையும் சினிமாவும் மற்ற காரணங்கள். சீட்டு கிடைத்தாயிற்று என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தேன். கடிதம்தான் வரவில்லை.

அதன்பிறகு சேலம் பஸ்ஸில் கால் வைத்தால் போதும், கண்டக்டர், "டாக்டர் ஏறிட்டாருங்க, ரைட்!" என்று விசில் ஊதுவார். நானோ மலைப்பாதையில் வளைவுக்கு ஒரு வாந்தி எடுக்கிறவன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால், "ஏனுங்க டாக்டரு, உங்க வயித்துக்கே வைத்தியம் தெரியலீங்களா?" என்பார். பஸ் மொத்தமும் சிரிக்கும்.

அதனால் இரண்டாவது வருடம் பயம் என்னைப் போட்டு ஆட்டியது. கல்லூரிப் பட்டியலைப் பதினோரு தடவை மாற்றி எழுதினேன். சாமி படத்துக்கு முன்னால் சீட்டுக் குலுக்கிப் பார்த்தேன். நினைத்த கல்லூரி வராததால் சாமி சரியாகக் கவனிக்கவில்லை என்று மறுபடி குலுக்கினேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரான என் அப்பா, "பொண்ணு பாக்கறவன்கூட இத்தன யோசிக்க மாட்டான்டா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

என்னோடு சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்த நண்பன் ஒருவன் இருந்தான். எங்கள் மலையிலேயே கொட்டச்சேடு என்ற ஊர்க்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள். என்னைவிடக் கெட்டிக்காரன். பரீட்சை சமயத்தில் விடுதித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் மஞ்சள்காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாக உட்கார்ந்து எழுதினான். அவனுக்கும் முதல் தடவை போனது அதனால்தான். இரண்டு பேரும் மறுபடி பரீட்சை எழுதினோம். அவனுக்கு என்னைவிட நாலு மார்க் அதிகம்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினோம்.

"எதெதுக்குப் போடலாம், நீயே சொல்லுடா. நாலு எடம் தெரிஞ்சவன் நீதான்" என்றான். எனக்குத் தெரிந்த நாலு இடமும் சினிமாக் கொட்டகைகள்தான். அது அவனுக்குத் தெரியாது.

தெற்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்த கல்லூரியை அவன் எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் மார்க்குக்கு உண்மையிலேயே வாய்ப்பு இருந்தது அந்த ஒன்றில்தான். நான் அதை விசாரித்து வைத்திருந்தேன். அங்கே ஒரே ஒரு இடம் மிச்சமிருந்து, நாலு மார்க் அதிகம் வாங்கியவன் அதில் உட்கார்ந்துவிட்டால்? கண்டக்டரின் விசில் காதில் கேட்டது.

"அந்த ஊரா? அங்க தண்ணி குடிச்சா ஒரே வாரத்துல கண்ணு மஞ்சளாயிரும்டா. நம்ம மாதிரி மலைக்காரனுக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"நெசமாவா?"

"பின்ன?"

"இன்னொருக்கா படுத்தா அம்மா தாங்காதுடா" என்று அந்த வரியை அடித்துவிட்டான். பிறகு என் தாளை எட்டிப் பார்த்து, "நீயும் போடாதடா" என்றான்.

"எனக்குக் கல்லையும் செரிக்கற வயிறுடா" என்றேன். வளைவுக்கு ஒரு வாந்தி எடுக்கிறவன் சொன்னது இது.

அங்கிருந்து தபால் ஆபீசுக்குக் கால் மணி நேர நடை. 'சும்மா சொன்னேன்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தூக்கத்திலும் பேசுகிறவன் நான். அந்தக் கால் மணி நேரம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு இடம் கிடைத்தது, அதே கல்லூரியில். தேர்வானவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. அவன் அந்த வரியை அடிக்காமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் யார் பெயர் இருந்திருக்கும் என்று கணக்குப் போடப் பெரிய மார்க் ஒன்றும் தேவைப்படவில்லை. அவனுக்கு எங்குமே கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை போட வீட்டு நிலைமை இடம் தரவில்லை. சேலத்தில் பி.எஸ்சி. சேர்ந்தான்.

நான் கல்லூரிக்குக் கிளம்பிய காலையில் அவனும் அவன் அம்மாவும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார்கள். அந்த அம்மா அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு ஊறுகாய் பாட்டில். உள்ளே பச்சையாக ஏதோ பொடி.

"கீழாநெல்லிங்க சாமி. நெழல்ல காய வெச்சு இடிச்சது. வெறும் வயித்துல மோருல கலந்து குடிங்க. தண்ணிய நல்லாக் காய்ச்சிக் குடிங்க கண்ணு. எம் பையன் நொம்பப் பாடு பட்டுட்டானுங்க, உங்களுக்கும் அப்படி வரக்கூடாது."

"இதக் குடிச்சுத்தான்டா எனக்கே கொறஞ்சுது" என்றான் அவன்.

கண்டக்டர் அன்று கிண்டல் இல்லாமல், மரியாதையாகவே, "டாக்டர் ஏறிட்டாருங்க" என்றார். முதல் வளைவு வருவதற்கு முன்பே எனக்குக் குமட்டியது.

அந்த ஊர்த் தண்ணீர் எப்படி இருந்தது தெரியுமா? இளநீர் மாதிரி. அதன் ருசிக்காகவே அந்த ஊரைப் புகழ்கிறவர்கள் உண்டு. முதல் விடுமுறையில் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஒத்துக்கிச்சாடா?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். "உங்கம்மா பொடிதான்டா காப்பாத்துச்சு" என்றேன். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான். பிறகென்ன, படிப்பு முடியும்வரை ஒவ்வொரு விடுமுறைக்கும் புதிதாக ஒரு பாட்டில் வந்தது. விடுதி அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை, தூக்கிப் போடவும் கை வரவில்லை.

அவன் இப்போது பள்ளிக்கூட வாத்தியார். நல்ல வாத்தியார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டு மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை. இன்றுவரை அவனிடம் சொல்லவும் இல்லை.

என் கிளினிக்கில் ஊசி போடும்போதுகூட நோயாளி சிரித்துக்கொண்டிருப்பார், அப்படிப் பேசுவேன். ஆனால் மஞ்சள்காமாலை என்று யாராவது வந்து உட்கார்ந்து, "தண்ணியக் காய்ச்சிக் குடிங்க" என்று நான் சொல்ல வேண்டி வரும்போது மட்டும், அந்த அம்மாவின் குரல்தான் என் வாயிலிருந்து வருகிறது. அதன்பிறகு அந்த நோயாளிக்கு என்னிடமிருந்து ஒரு ஜோக்கும் கிடைப்பதில்லை.