பதினான்காம் பக்கத்து அரிசி

குணபூசணி ஆன்டி தன் வாழ்நாளில் சொந்தமாக ஒரு கோடுகூடப் போட்டதில்லை. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க வரைபட அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் ட்ரேசராக இருந்தவர். எஞ்சினியர் பென்சிலில் போட்டுத் தரும் பாலத்தின் மேலோ வாய்க்காலின் மேலோ மெல்லிய தாளை விரித்து, அதை அப்படியே மையில் எடுக்க வேண்டும். பென்சில் கோடு போகும் இடத்தில் மை போகும், நிற்கும் இடத்தில் நிற்கும்.

"எங்கட கை அதில தெரியக்கூடாது தம்பி. தெரிஞ்சா அது பிழை," என்பார், யாழ்ப்பாணத் தமிழில்.

1984இல் அவர் எங்கள் அச்சகத்தில் படம் போட வந்தபோது வயது ஐம்பத்திரண்டு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிள்ளானில் தனியாக இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் காலை ரயிலில் வந்து இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் கோவிலுக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் குடையோடு நடந்து வருவார். அச்சகத்துக்குள் வந்ததும் முதலில் மேசையைத் துடைப்பார். பிறகு கைகளைத் துடைப்பார். அதற்குப் பிறகுதான் "எப்படி இருக்கிறீங்கள்" என்று கேட்பார்.

முதலாளி ஜெய்னுதீன் அப்போது தமிழ்ப் பள்ளிகளுக்காகப் படப் புத்தக வரிசை ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். முதல் புத்தகம் எறும்பு, இரண்டாவது ரப்பர் மரம். மூன்றாவது பண்டைய எகிப்து. இருபத்து நான்கு பக்கம், கறுப்பு, காவி என்று இரண்டே நிறம். வாசகத்தை எழுதியவர் தம்புசாமி, பந்திங் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர். பிழை திருத்துவதும் எழுத்தையும் படத்தையும் வெட்டிப் பக்கத்தில் ஒட்டுவதும் என் வேலை.

"எகிப்து ராஜா ஃபிர்அவ்ன் புக்கு போடுறேன்னு பள்ளிவாசல்ல தெரிஞ்சா, என்னைய உப்புல போட்டு ஊற வச்சிருவாங்க லா," என்று ஜெய்னுதீன் சிரிப்பார். நான் சிரிக்காமல் இருந்தால் ஆன்டியிடம் திரும்பிச் சொல்வார்: "இவன் புதுக்கவிதை படிக்கிற ஆளுக்கா. இவன் வாயைத் திறக்கணும்னா தனியா ஒரு பூசை போடணும்."

எகிப்தியக் கல்லறைச் சுவர்களின் புகைப்படங்கள் உள்ள மூன்று பெரிய புத்தகங்களை நான் நூலகத்தில் இருந்து எடுத்து வந்திருந்தேன். அவற்றைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி எளிமையாகப் போட வேண்டும். ஒவ்வொரு படம் முடிந்ததும் நான் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பார்க்க ஒன்றுமே இருக்காது. நைல் வெள்ளம், ரொட்டி சுடும் பெண்கள், நாற்காலிக்கு அடியில் மீன் தின்னும் பூனை, எல்லாம் இருந்தபடியே வந்திருக்கும். பூனையின் மீசையைக்கூட அவர் எண்ணித்தான் போட்டிருந்தார்.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்து மம்மி செய்யும் முறை தொடங்கியது. அங்கிருந்துதான் ஆன்டி கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

மூளையை மூக்கு வழியாகக் கொக்கி விட்டு எடுத்தார்கள், ஆனால் இதயத்தை மட்டும் உடம்பிலேயே விட்டார்கள் என்று தம்புசாமி எழுதியிருந்தார். "ஏன் அதை மட்டும் விட்டவை?" என்று ஆன்டி கேட்டார். நினைப்பது இதயம்தான் என்று நம்பினார்கள், மறு உலகத்தில் போய்ப் பதில் சொல்ல அது வேண்டும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வரைந்தார்.

உடலை நாற்பது நாள் உப்பில் புதைத்துக் காய வைக்கும் பக்கம் முடிந்தது. துணி சுற்றும் பக்கத்தில் அவர் கொஞ்சம் பேசினார். அந்தக் காலத்தில் அலுவலகத்தில் ட்ரேசிங்கை லினன் துணியில்தான் செய்தார்களாம். கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும் அந்தத் துணியில் வீணானதைக் கொண்டுபோய்த் துவைத்தால் பட்டு மாதிரி ஆகிவிடும். "இவருக்குக் கைலேஞ்சி எல்லாம் அதிலதான் தைச்சுக் குடுத்தனான். போகேக்க ஆறு வச்சு அனுப்பினனான்."

கணவருக்குத் தைத்த கைக்குட்டைகளைச் சொல்கிறார் என்று புரிந்தது; எங்கே போகும்போது என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் பக்கம் பெட்டியின் மூடியில் முகம் தீட்டும் படம். பேனாவை எடுக்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, முகத்தைச் சுத்தி மூடுறதுக்கு முன்னம் வீட்டு ஆக்களைக் கூப்பிட்டுக் காட்டுவினமோ?"

மூன்று புத்தகங்களையும் தேடினேன். ஒன்றிலும் இல்லை. திரும்பி வரும் உயிர் தன் உடலை அடையாளம் காண்பதற்காக மூடியில் முகத்தை எழுதினார்கள் என்று மட்டும்தான் போட்டிருந்தது. அதைச் சொன்னேன்.

"உயிருக்கு அடையாளம் வச்சவை. கட்டின மனுசிக்கு வைக்கேல்ல," என்றார்.

அடுத்த வாரம் பதினான்காம் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். படம் எவ்வளவு இடத்தில் வர வேண்டும் என்பதற்காக வாசகத்தை முன்கூட்டியே வாசிப்பது எங்கள் பழக்கம். கல்லறைக்குள் வைப்பதற்கு முன் மம்மியை வாசலில் நிமிர்த்தி நிறுத்துவார்கள். பூசாரி ஒரு சிறு கருவியால் அதன் வாயைத் தொடுவார். வாய் திறந்தால்தான் இறந்தவர் அங்கே உண்ண முடியும், பேச முடியும். மனைவி மம்மியின் காலடியில் மண்டியிட்டு அழுவாள்.

வாசித்து முடித்தபோது அவர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கோ முகவரி சொல்வதுபோலச் சொன்னார்.

கணவர் கனகலிங்கம் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றதும், சவூதியில் கட்டட மேற்பார்வை வேலைக்குப் போனார். பதினெட்டு மாதம் இருந்தார். 1981இல் வேலைத்தளத்திலேயே நெஞ்சுவலி.

"பத்தொன்பது நாளைக்குப் பிறகு ப்ளேன்ல பெட்டி வந்தது. உள்ளுக்கு ஸிங்க் தகடு, ஈயம் வச்சு அடைச்சது. வெளியில மரம். திறக்கக்கூடாதெண்டு பேப்பர். இவற்ற தம்பி பாலசுந்தரம் கையெழுத்துப் போட்டுட்டார். 'பார்க்காதீங்கோ அண்ணி, பார்த்தா மறக்க ஏலாது' எண்டார். பார்க்காம விட்டாலும் மறக்க ஏலாதெண்டு அவருக்கு ஆர் சொல்லுறது?"

நான் வாசித்த தாளை மடித்து வைத்தேன்.

"நான் டேப் எடுத்து அளந்தன் தம்பி. பெட்டி ஆறடி நாலு. இவர் அஞ்சடி ஏழு. வாய்க்கரிசி போடச் சொல்லிச்சினம். எந்தப் பக்கம் தலை எண்டே தெரியாது. பலகையில ஒரு அம்புக்குறி போட்டிருந்தது. அந்தப் பக்கம் போட்டன். அரிசி உருண்டு நிலத்தில விழுந்திட்டுது. பெட்டியைத் தூக்கின உடனே ஆரோ விளக்குமாறு எடுத்துக் கூட்டிப்போட்டினம்."

அன்று அவர் ஒன்றும் வரையவில்லை. மதிய ரயிலிலேயே போய்விட்டார்.

மூன்று நாள் கழித்துப் பதினான்காம் பக்கத்தைக் கொண்டுவந்தார். நான் வழக்கம்போல நூலகப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தேன். பூசாரி, கருவி, நிமிர்ந்து நிற்கும் மம்மி, எல்லாம் மூலத்தில் இருந்தபடியே இருந்தன. மனைவி மட்டும் வேறு. சுவர்ச் சித்திரத்தில் அவள் ஒரு கையால் மம்மியின் காலைக் கட்டிக்கொண்டு, மறு கையைத் தன் தலையில் வைத்திருந்தாள். ஆன்டியின் படத்தில் அந்த மறு கை, விரல்களை மூடியபடி, மம்மியின் வாயை நோக்கி நீண்டிருந்தது. மூடிய கைக்குக் கீழே சின்னச் சின்னதாகப் பதினோரு கோடுகள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் கூராக, நடுவில் வெள்ளை விட்டு.

பச்சரிசி. பார்த்தால் யாருக்கும் தெரியும்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படத்தை உறைக்குள் வைத்து, "சரியா இருக்கு ஆன்டி," என்றேன். திருத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தம்புசாமிக்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சனிக்கிழமை படங்களைச் சரிபார்க்க வந்தவர், பதினான்காவதில் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"இது என்னப்பா, அரிசியா? எகிப்துல அப்ப ஏது அரிசி? கோதுமையும் பார்லியும்தான். நம்ம பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்திட்டு நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"அதுக்கென்ன சார். பிளேடு வச்சுச் சுரண்டினா போயிரும்," என்ற ஜெய்னுதீன் என்னைப் பார்த்தார். "எடுடா."

பிளேடு என் முன்னால்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. "அவங்களே வரட்டும் முதலாளி," என்றேன். காரணம் கேட்டார். அது என் கதை இல்லை என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆன்டி அடுத்த சனிக்கிழமை வந்தார். தம்புசாமியும் இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. எழுந்து நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டு, மெதுவாகத்தான் சொன்னார். "படமெல்லாம் உசிரோட இருக்கும்மா. இந்த ஒரு இடத்துலதான் ஒரு சின்னத் தப்பு."

"விளங்குது சார். அப்ப, அவையள் வாய்க்கு என்ன போட்டவை?"

"ரொட்டி, பீர், இறைச்சி, எல்லாம் கொண்டுபோய் வச்சிருக்காங்க. ஆனா இப்படிக் கையால எடுத்து வாயில போட்டதா நான் படிச்சதில்லை."

ஜெய்னுதீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, அவருக்குள் ஏதோ இளகியது. "சார், நான் ஒண்ணு சொல்றேன். அந்த மணிக்கு உள்ள காவி கலர் கொடுத்திடுவோம். கோதுமைன்னு ஆயிரும். பிள்ளைங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான் லா. அக்காவும் கஷ்டப்பட்டுப் போட்டிருக்காங்க."

தம்புசாமி யோசித்தார். "கோதுமைன்னா… சரி. படையல்னு வச்சுக்கலாம். இருக்கட்டும்."

அரிசி தப்பிவிட்டது என்று நினைத்தேன்.

"வேண்டாம்," என்றார் ஆன்டி.

"ஏன்க்கா? இருந்திட்டுப் போகட்டுமே."

"அது கோதுமை இல்லை. அரிசி எண்டுதான் போட்டனான். அரிசி அங்க இல்லையெண்டா அது அங்க இருக்கக்கூடாது. காவி பூசிப்போட்டுக் கோதுமை எண்டு சொல்ல எனக்கு ஏலாது." பிறகு என் பக்கம் கை நீட்டினார். "பிளேடைத் தாங்கோ தம்பி."

தந்தேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று இத்தனை வருடம் யோசித்தும் தெரியவில்லை.

பிளேடைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு மணியாகச் சுரண்டினார். படம் வரையும் பிளாஸ்டிக் ஃபிலிமில் இருந்து மையை எடுப்பது நிதானமான வேலை. அழுத்தினால் கீறிவிடும், அழுத்தாவிட்டால் போகாது. மற்ற நாட்களில் சுரண்டிய தூளை அவர் ஊதித் தள்ளிவிடுவார். அன்று ஊதவில்லை. பதினோரு மணிகளின் கரிய தூளும் அங்கேயே சேர்ந்தும், கடைசியில் ஒரு சிட்டிகைகூட வரவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமல் ஜெய்னுதீன் எழுந்து போய் அதை நிறுத்தினார்.

"கையை நான் மாத்தேல்ல. மூடின கை பிழையில்லைத்தானே, சார்?"

"கை இருக்கட்டும்மா," என்றார் தம்புசாமி.

அந்த நேரம் பார்த்து மெஷின்மேன் நாகையா கழிவுத்தாளைக் கூட்ட விளக்குமாற்றோடு உள்ளே வந்தார். மேசைக்கு அடியில் ஒரு தள்ளு தள்ளினார்.

"கூட்டாதேங்கோ," என்றார் ஆன்டி. குரலை உயர்த்தவில்லை. நாகையா அப்படியே நின்றார்.

பழைய புரூஃப் தாளில் ஒரு துண்டைக் கிழித்தார். ட்ரேசிங் தூரிகையால் அந்தத் தூளை ஒதுக்கி அதில் ஏற்றினார். ஃபிலிமின் மேலும் மேசையின் மேலும் ஒரு பொட்டு மிச்சமில்லை என்று விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். கோவிலில் திருநீறு மடிப்பது போல மடித்தார். கைப்பையைத் திறந்து, வெளுத்துப்போன ஒரு கைக்குட்டைக்குள் வைத்தார். நல்ல லினன்.

"அப்ப நான் வரட்டே," என்று குடையை எடுத்தார். மீதிப் பக்கங்களைத் தபாலில் அனுப்பினார். மூலத்தில் இருந்து ஒரு மயிரிழை விலகவில்லை. அதன் பிறகு எங்களுக்குப் படம் போடவில்லை. கண் சரியில்லை என்று எழுதியிருந்தார்.

புத்தகம் வந்து ஒரு மாதம் இருக்கும், தம்புசாமி தொலைபேசியில் கூப்பிட்டார். "பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுப்பா. ஒரு கேள்விதான் விடாம கேக்குதுங்க. பதினாலாம் பக்கத்துல அந்தப் பொம்பள கைக்குள்ள என்ன வச்சிருக்கான்னு. என்னன்னு சொல்றது?"

அன்றாவது சொல்லியிருக்கலாம்.

"விசாரிச்சுச் சொல்றேன் சார்," என்றேன்.

அவர் ஃபோனை வைக்காமல் காத்திருந்தார். பிறகு லைனில் யாரோ மணியடிக்கும் சத்தம் கேட்டது, ரீசஸ் இடைவேளை முடிந்திருக்கும்.